குழந்தைக்கு ஊசி போடும் நாளில் அம்மாவும் பேசலாமே!

குழந்தைக்கு அஞ்சு மாசம். தலை வாரினால் சீப்பு முழுக்க முடி. குழந்தை தூங்கும்போது நீங்களும் தூங்குகிறீர்கள், ஆனாலும் அசதி போகவில்லை. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. வீட்டில் சொன்னால், "புள்ள பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்பார்கள். பல பேருக்கு அது உண்மைதான். ஆனால் பிரசவித்த 100 பெண்களில் சுமார் 5 பேருக்கு, முதல் ஒரு வருடத்துக்குள் தைராய்டு சுரப்பியில் அழற்சி வருகிறது. அதற்கும் இதே அறிகுறிகள்தான்.

ஏன் வருகிறது? வயிற்றில் குழந்தை இருக்கும்போது அம்மாவின் நோய் எதிர்ப்பு சக்தி கொஞ்சம் அடங்கி நடந்துகொள்கிறது. பிரசவம் முடிந்ததும் மறுபடி வேகம் எடுக்கிறது. சிலருக்கு அந்த வேகம், கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பியையே தாக்குகிறது. வலி இருக்காது. அதனால்தான் பலர் கவனிப்பதே இல்லை.

சுரப்பி சேதமானதும் அதில் சேமித்து வைத்திருந்த ஹார்மோன் ரத்தத்தில் கசியும். பிரசவமான முதல் சில மாதங்களில் வரும் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, எரிச்சல் எல்லாம் இதனால் இருக்கலாம். இருப்பு தீர்ந்ததும் நிலைமை தலைகீழ். பெரும்பாலும் நாலாம் மாதத்துக்குப் பிறகு அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, மறதி, மனவாட்டம். எல்லோருக்கும் ரெண்டு கட்டமும் வராது. ஒன்று மட்டும் வருபவர்களும் உண்டு.

"கர்ப்பமா இருக்கும்போதே தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சே, நார்மல்னு வந்துச்சே" என்கிறீர்களா? அது அப்போதைய நிலவரம். இந்த அழற்சி பிரசவத்துக்குப் பிறகு வருவது. டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையைத் திரும்ப எடுத்தால்தான் தெரியும்.

இங்கேதான் சிக்கல். பிரசவமான சில வாரங்களில் அம்மாவுக்கான செக்கப் முடிந்துவிடும். அதன் பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதெல்லாம் குழந்தைக்காகத்தான்: 45 நாள் ஊசி, 75 நாள் ஊசி, 105 நாள் ஊசி, ஒன்பதாம் மாத ஊசி. கவனித்தீர்களா, இந்த நோய் தலைகாட்டும் மாதங்களும் கிட்டத்தட்ட இவைதான். அந்த நாட்களில் செவிலியரிடம் உங்களைப் பற்றியும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கள். டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்களும், குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு உள்ளவர்களும் கட்டாயம் சொல்லுங்கள். ஆலோசனைக்கு 104 எண்ணிலும் பேசலாம். மனவாட்டம் மட்டும் அதிகமாக இருந்தால் டெஸ்ட் ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு தனி நோய். ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

சிகிச்சை எல்லோருக்கும் தேவைப்படாது. படபடப்புக் கட்டத்தில் சுரப்பி அதிகமாகச் சுரப்பதில்லை, இருப்பதுதான் கசிகிறது. அதனால் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகளால் பயன் இல்லை. நெஞ்சுப் படபடப்பு அடங்க மட்டும் மருந்து தரலாம். அதிகமாகச் சுரக்கும் வேறொரு தைராய்டு நோயும் இந்த மாதங்களில் வரக்கூடும் என்பதால், எது என்று டாக்டர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்கேன் எழுதினால், தாய்ப்பால் கொடுப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கதிரியக்க அயோடின் ஸ்கேன் அப்போது கூடாது.

ஹார்மோன் குறைந்தவர்களுக்கு லெவோதைராக்சின் மாத்திரை. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம், பயம் வேண்டாம். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபி, டீ எல்லாம் அரை மணி நேரமாவது கழித்து. பிரசவத்துக்குப் பிறகு தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை இதோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள். "எல்லா மாத்திரையையும் ஒண்ணாப் போட்டுட்டா வேலை முடிஞ்சுது" என்று என் அக்கா செய்தது இதைத்தான்!

பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் சரியாகிவிடும். சிலருக்குக் குறைபாடு நிரந்தரமாகவே தங்கிவிடும். அதனால் நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். சரியான பிறகும் வருடத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பாருங்கள். அடுத்த பிரசவத்திலும் இது திரும்ப வர வாய்ப்பு அதிகம். எனவே அடுத்து கர்ப்பமானால், முதல் செக்கப்பிலேயே இதைச் சொல்லி, உங்கள் தாய்-சேய் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.