பழைய சிடியும் பாமினி எழுத்தும்

மதுரை

அன்புள்ள கயல்விழிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். தமிழாசிரியர் ஐயா கொடுத்த சிடியில் இருப்பது கெட்டுப்போன ஃபைல் இல்லை. திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறதே, அதுதான் அவருடைய கட்டுரை. வைரஸ் என்று சொன்ன பையனை நம்பி ஃபார்மட் பண்ணிவிடாதே.

நாங்கள் டி.டி.பி. கற்ற காலத்தில் கணினிக்குத் தமிழே தெரியாது. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்து ஃபாண்ட் செய்துவிட்டார்கள். பாமினி என்ற அப்படிப்பட்ட ஒரு ஃபாண்டில் ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. ஃபாண்ட் கூடவே இருக்கும்வரை அது தமிழ். இல்லாவிட்டால் நீ பார்த்த குப்பை. இதிலும் எல்லாரும் ஒரே அடுக்கைப் பின்பற்றியிருந்தால் பரவாயில்லை. ஆளுக்கொரு அடுக்கு. ஒரு கடையில் அடித்ததை அடுத்த கடையில் திறக்க முடியாது. வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகாமல் இருக்க அது வசதியாகவும் இருந்தது என்பதை இப்போது சொல்வதில் தவறில்லை.

எல்லாருக்கும் பொதுவான அடுக்கான யூனிகோடில், அதாவது ஒருங்குறியில், தமிழ் 1991-லேயே இடம் பிடித்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000 வந்தபோதுதான் லதா எழுத்துருவோடு அது மேசைக்கு வந்தது. 1999-இல் சென்னையில் மாநாடு கூடித் தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும் வகுத்தார்கள். விசைப்பலகை நிலைத்தது, மற்ற இரண்டும் நிலைக்கவில்லை. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணை போட்டது 2010-இல். ஐயாவின் சிடி இந்த இடைவெளியில் எழுதப்பட்டது. அவர்மேல் கோபப்படாதே.

இனி வேலைக்கு வருவோம். முதலில் சிடி முழுவதையும் ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்துவிடு. மூலத்தில் கை வைக்காதே. பேஜ்மேக்கர் ஃபைலாக இருந்தால் உன்னுடைய புது இன்டிசைன் அதைத் திறக்காது. சிஎஸ்6 வரைதான் அந்தச் சலுகை. என் பழைய எக்ஸ்பி கணினியில் பேஜ்மேக்கர் 7 இன்னும் ஓடுகிறது, எடுத்துப் போ. அதன் பின்பக்கம் பிரிண்டர் போர்ட்டில் ஒரு சின்னப் பூட்டு செருகியிருக்கும். அழுக்கு ஒட்டிய ஏதோ துண்டு என்று பிடுங்கி எறிந்துவிடாதே, அது இல்லாமல் தமிழ் மென்பொருள் திறக்காது. காசு கொடுத்து வாங்கியவனைத் திருடனாக நினைத்துச் செய்த ஏற்பாடு அது, எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். இன்னொன்று, அந்தக் கணினியை இணையத்தில் இணைக்காதே. 2014-க்குப் பிறகு எக்ஸ்பிக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை.

எந்த ஃபாண்ட் என்று தெரிந்துவிட்டால் மாற்றுவது அரை நிமிட வேலை. இணையத்தில் இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன. ஒட்டு, பொத்தானை அழுத்து, தமிழாகி வரும். அந்த இடத்தில்தான் நீ ஏமாறுவாய், ஏனென்றால் பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும்.

‘மௌனம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள். பழைய ஃபாண்டில் கொம்பு ஒன்று, ம ஒன்று, ள ஒன்று என்று தனித்தனியாக அடிப்போம். தாளில் அழகாகத்தான் விழும். மாற்றிக்கு அது ஔகாரக் குறியா, நிஜமான ளகரமா என்று எப்படித் தெரியும்? ‘மெளனம்’ என்று போட்டுவிடும். கண் வித்தியாசம் காணாது. ஆனால் நாளைக்கு யாராவது ‘மௌனம்’ என்று தேடினால் அந்தப் பக்கம் கிடைக்காது. ‘ஔவையார்’ படும் பாடும் இதுதான். ஒகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ளகரத்தை நிறுத்திப் பாட்டியை ‘ஒளவையார்’ ஆக்கியிருப்பார்கள்.

சரி, ‘ஒள’ எல்லாவற்றையும் ‘ஔ’ ஆக்கு என்று ஒரே கட்டளை கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுத்தால் ‘ஒளி’ இருந்த இடத்தில் ஔகாரத்தின் தலைமேல் ஒரு தனிக் கொக்கி தொங்கும். ‘தெள’வை மாற்றப் போனால் ‘தெளிவு’ சிதையும். ‘மெள’வை மாற்றினால் ‘மெள்ள’ போய்விடும். ஒவ்வொன்றாகத் தேடி, நின்று, படித்துத்தான் மாற்ற வேண்டும். காலுக்கும் ரகரத்துக்கும் இதே தகராறு. அவசரத்தில் யாரோ கால் போட வேண்டிய இடத்தில் ர அடித்திருப்பார், இப்போது ‘காலம்’ என்பது ‘கரலம்’ ஆகி நிற்கும். கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி தவறி விழுந்திருந்தால், கொம்பு மட்டும் ஒரு புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு அநாதையாகத் தெரியும். அதுவாவது கண்ணில் பட்டுவிடும், நல்லது.

ஐயா தம் கட்டுரையில் ஜி.யு. போப் போன்ற ஒருவரின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும். ஃபாண்ட் விவரம் இல்லாமல் வெறும் எழுத்தாக ஒட்டினால், மாற்றி அதையும் பாமினி என்றே நினைத்து ஏதோ ஒரு தமிழ்க் கூளமாக்கிவிடும். அச்சான பழைய பக்கம் ஒன்று கையில் இருந்தால் ஒப்பிட்டுக்கொள். இல்லாவிட்டால் ஐயாவையே கூப்பிட்டு உட்காரவை. அவர் வாயால் படிக்கட்டும், நீ திரையைப் பார்.

புதுக் கருவி எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்றும் எண்ணாதே. யூனிகோடில் அடித்ததை இன்டிசைனில் ஊற்றினால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி காம்போசர் என்ற தேர்வை எடுத்தால்தான் ஒழுங்காகும். பத்திரிகை அச்சடிக்கும் பல கடைகள் இன்றும் பழைய ஃபாண்டை விடாமல் இருப்பது சோம்பலால் அல்ல, இந்தச் சங்கடத்தால். பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகல் எடுத்தால் பாதி நேரம் குலைந்து வரும். அதில் இருப்பது வடிவங்களின் வரிசை, எழுத்தின் வரிசை அல்ல. ஆகவே ‘பிடிஎஃப் இருக்கிறதே, போதாதா’ என்று கேட்பவரிடம் போதாது என்று சொல். பக்க வடிவமைப்பு தனி, வெறும் யூனிகோடு எழுத்து மட்டும் உள்ள ஒரு ஃபைல் தனி என்று வைத்துக்கொள். என் கடையில் இருந்து வெளியேபோன எந்தப் புத்தகத்துக்கும் இப்போது எந்தக் கணினியிலும் திறக்கக்கூடியது அந்த இரண்டாவது வகை மட்டும்தான்.

வாட்ஸ்அப்பில் மேட்டர் அனுப்புகிறவர்களிடம் படத்தை ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல். சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், அட்டையில் போட முடியாது. பேசியே தட்டச்சு செய்கிற வாடிக்கையாளர் வந்தால் ஊர்ப்பெயர், ஆட்பெயர் எல்லாவற்றையும் திரும்பக் கேட்டுச் சரிபார். ஃபோன் தனக்குத் தெரிந்த பெயரைத்தான் எழுதும். கல்யாணப் பத்திரிகையில் அது ஏற்படுத்தும் கலவரத்தை நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கூலி விஷயம். ஐயா நல்ல மனிதர், ஆனால் ‘பட்டனைத் தட்டினால் மாறிவிடுகிறதாமே’ என்று யாராவது அவருக்குச் சொல்லியிருப்பார்கள். மாற்றுவதற்கு ஒரு பைசாவும் கேட்காதே. மெய்ப்புக்குப் பக்கக் கணக்கில் கேள், முதல் பத்துப் பக்கத்தை அவர் எதிரிலேயே திருத்திக் காட்டிவிட்டுக் கேள். சனிக்கிழமை தம்பியை அனுப்பு, கணினியையும் பூட்டையும் கொடுத்துவிடுகிறேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரச் சொல், மேலே லக்கேஜ் பலகையில் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் மாமா