முடிக்கும் நாளை முதலில் குறியுங்கள்

சரக்கு வாங்கத் தெரிந்தவர்கள் நம்மில் பலர். அதை எந்த நாளில் முடிப்பது என்று தெரிந்தவர்கள் சிலரே. இந்தப் பாடத்தை நான் படித்தது ஒரு உருது நாடகத் தொலைக்காட்சியிடம் என்றால் சிரிப்பீர்கள்.

2010 தீபாவளிக்கு ஹட்டனில் உள்ள என் புடவைக்கடைக்கு 120 சேலைகள் இறக்கினேன். ஒரு தமிழ் மெகா தொடரின் கதாநாயகி கட்டிய மாதிரி. தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கொடுத்த கிழமையில் 50 சேலை போனது. தொடர் இன்னும் ஓடுகிறது, மிச்சத்தைப் பொங்கலுக்கு விற்கலாம் என்று இருந்தேன். தொடர் ஓடியது, சேலை ஓடவில்லை. கதாநாயகி வேறு மாதிரிக்கு மாறிவிட்டார். மொத்த வியாபாரிக்குக் கொடுத்திருந்த பின்திகதிக் காசோலைக்கு நாள் வந்தபோது, மனைவியின் காப்பு இரண்டையும் விற்றுத்தான் பணம் போட்டேன்.

2012இல் கொழும்பு புறக்கோட்டைக்குப் போயிருந்தேன். அங்கே புடவை வியாபாரத்தில் மேமன் சமூகத்தார் பலர் இருப்பது உங்களுக்குத் தெரியும். அவர்களில் உருது விளங்கிய ஒருவரிடம் என் கதையைச் சொன்னேன். அவர் சொன்னார்: "ஹாஜியார், எங்கட வீட்டில பார்த்த பாகிஸ்தான் நாடகம் இப்பதான் முடிஞ்சது. மொத்தம் 23 பகுதிதான். எல்லாரும் விரும்பிப் பார்க்கும்போதே முடிச்சிட்டாங்க. சரக்கையும் அப்பிடித்தான் முடிக்க வேணும்."

அந்த நாடகம் 'ஹம்சஃபர்'. 2011 செப்டம்பரில் தொடங்கி 2012 மார்ச்சில் முடிந்தது. ஒளிபரப்பியது ஹம் டிவி. பாகிஸ்தான் அரச தொலைக்காட்சியில் நீண்டகாலம் தயாரிப்பாளராக இருந்த சுல்தானா சித்தீக்கி என்ற பெண்மணி தொடங்கிய நிறுவனம் அது. 2005 ஜனவரியில் ஒளிபரப்புக்கு வந்தது.

அவர்களுடைய முறையைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் ஒரு நாடகம் பெரும்பாலும் கிழமைக்கு ஒரு பகுதி, மொத்தம் 20 முதல் 30 பகுதி. ஏறக்குறைய ஆறு மாதத்தில் அதே நேரத்துக்குப் புதுக்கதை வந்துவிடும். கதையும் வாசகர் ஏற்கனவே விரும்பிய சரக்கு. 'ஹம்சஃபர்' ஃபர்ஹத் இஷ்தியாக்கின் நாவல். பின்னர் வந்த 'ஸிந்தகி குல்ஸார் ஹை' உமைரா அஹ்மதின் நாவல். நாவலுக்கு முடிவு முதலிலேயே உண்டு.

நம் வீடுகளில் பார்த்த 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1500 பகுதிகளுக்கு மேல் ஓடியது. அதுவும் நல்ல வியாபாரம்தான். ஆனால் அது அரிசி, மா, சீனி வியாபாரம் போன்றது. நாளாந்தம் தேவை, நாளாந்தம் விற்பனை. புடவை, சப்பாத்து, விளையாட்டுச் சாமான் விற்பவருக்கு உருது நாடகத்தின் கணக்கே பொருந்தும். நான் புடவைக்கு அரிசிக் கணக்குப் போட்டேன். அதுதான் பிழை.

இன்னொன்றும் உண்டு. 2014இல் இந்தியாவில் 'ஸிந்தகி' என்ற தொலைக்காட்சி தொடங்கி, இந்தப் பாகிஸ்தான் நாடகங்களைக் காட்டிப் பெயரெடுத்தது. 2016 செப்டம்பரில் இரு நாட்டுக்கும் பகை முற்றியபோது அந்த நாடகங்கள் நிறுத்தப்பட்டன. நாம் நாள் குறிக்காவிட்டால் வேறு யாராவது நமக்கு நாள் குறிப்பார்கள்.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள்.

1. சரக்கு இறக்கும் நாளிலேயே, அது எந்த நாளில் முடியவேண்டும் என்று பெட்டியின்மேல் எழுதுங்கள்.

2. காசோலையின் திகதி அந்த நாளுக்குப் பிந்தியதாக இருக்கட்டும். மொத்த வியாபாரி சம்மதிக்காவிட்டால் சரக்கைக் குறையுங்கள்.

3. குறித்த நாள் வந்தால் மிச்சத்தை வாங்கிய விலைக்கே கொடுங்கள். வராத லாபத்துக்காகக் காத்திருந்து முதலை இழக்காதீர்கள்.

இப்போது நான் தீபாவளிக்கு 60 சேலைக்கு மேல் இறக்குவதில்லை. மிஞ்சுவதை அடுத்த தோட்டச் சம்பளத்தோடு வாங்கிய விலைக்குக் கொடுத்துவிடுவேன். மனைவிக்கு ஒரு காப்பு வாங்கிக் கொடுத்தாயிற்று. தங்கம் விற்கிற விலையில் மற்றதற்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.