மரநிழலில் ஒரு பல்கலைக்கழகம்

நுழையும்முன்

பல்கலைக்கழகம் என்றவுடன் உயர்ந்த கட்டடங்களும் ஆயிரக்கணக்கான மாணவர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. மாணவர் தொகை குறைந்த, செல்வ வளமும் இல்லாத ஒரு கல்வி நிலையம் மாணவருக்கு என்ன தரக்கூடும்? இவ்வினாவுக்கு விடையாக அமைந்த ஓர் இடத்தையும், அங்குச் சென்று பயின்ற தமிழ் இளைஞர் ஒருவரையும் இப்பாடத்தில் அறிவோம்.

ஐந்து மாணவர்களுடன் தொடக்கம்

மேற்கு வங்காளத்தின் வீர்பூம் மாவட்டத்தில், போல்பூர் நகரை அடுத்துள்ளது சாந்திநிகேதன். செம்மண் பரந்த அந்நிலத்தில் 1901ஆம் ஆண்டு இரவீந்திரநாத் தாகூர் ஐந்து மாணவர்களுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். நான்கு சுவர்களுக்குள் அடைபட்ட கல்வி அவருக்கு இளமையிலேயே கசந்திருந்தது. ஆகவே, வகுப்புகள் மரநிழலில் நடைபெற்றன. மாணவர்கள் தத்தம் விரிப்பை எடுத்துச் சென்று, ஆசிரியரைச் சூழ்ந்து அமர்ந்தனர். இவ்வழக்கம் அங்குள்ள பள்ளியில் இன்றும் தொடர்கிறது. புதன்கிழமை விடுமுறை நாளாக இருப்பதும் அவ்வளாகத்தின் மரபாகும்.

அப்பள்ளியின் தொடர்ச்சியாக 1921ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் விசுவபாரதி தோன்றியது. ஓவியமும் சிற்பமும் பயிலக் கலா பவனம், இசை பயிலச் சங்கீத பவனம், சீன மொழியும் பண்பாடும் பயிலச் சீன பவனம் எனப் பல துறைகள் அங்கு அமைந்தன. அருகிலுள்ள ஸ்ரீநிகேதனில் சிற்றூர் மேம்பாட்டுப் பணிகள் நடைபெற்றன.

இந்நிறுவனத்தை நடத்துவது எளிதாக இருக்கவில்லை. முதுமையிலும் தாகூர் நாட்டிய நாடகக் குழுவினருடன் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். 1936ஆம் ஆண்டு இதனை அறிந்து வருந்திய காந்தியடிகள், 60,000 ரூபாய் நன்கொடை கிடைக்க வழிசெய்தார். 1951ஆம் ஆண்டில்தான் விசுவபாரதி நாடாளுமன்றச் சட்டத்தின்படி மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று.

அடைபட்ட கதவும் திறந்த கதவும்

கே. ஜி. சுப்பிரமணியன் 1924ஆம் ஆண்டு கேரளத்தின் கூத்துப்பறம்பில், பாலக்காட்டைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்தில் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த மாஹேயில் வளர்ந்தார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து பொருளாதாரம் பயின்றார். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டமையால் அவர் சிறைப்பட்டார். அரசுக் கல்லூரிகளில் பயிலவும் அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. இருபது வயது நிறைவதற்குள் அவருடைய படிப்பு நின்றுபோயிற்று.

1944ஆம் ஆண்டு அவர் சாந்திநிகேதன் சென்று கலா பவனத்தில் சேர்ந்தார். மொழி வேறு; உணவு வேறு; ஊரும் வேறு. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் மாணவர்கள் இந்நிலையை எளிதில் உணர்ந்துகொள்வர். அவர் கைவிட்டு வந்ததோ, அரசும் அலுவலகங்களும் மதிக்கும் பட்டத்திற்கான படிப்பு. அவர் சேர்ந்த இடம் அப்போது சட்டப்படி பல்கலைக்கழகமாகவும் இல்லை. எனினும், பெரிய கல்லூரியில் கிடைத்தற்கரிய ஒன்று அங்கு அவருக்குக் கிடைத்தது. அதுவே ஆசிரியரின் அண்மை.

ஒரே சுவரில் ஆசிரியரும் மாணவரும்

கலா பவனத்தை நெறிப்படுத்தியவர் நந்தலால் போஸ். சிறு அட்டைகளில் ஓவியம் தீட்டி மாணவர்களுக்கு வழங்குவது அவர் வழக்கம். அவரிடம் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியரானவர் வினோத் பிகாரி முகர்ஜி. பிறவியிலேயே இவருடைய ஒரு கண்ணுக்குப் பார்வை இல்லை; மற்றொன்றிலும் பார்வை குறைவு. வறிய குடும்பத்தில் பிறந்த ராம்கிங்கர் பைஜ், சிமெண்டும் செம்மண் சரளையும் கலந்து பெருஞ்சிற்பங்களை வடித்தார். இம்மூவரும் சுப்பிரமணியனுக்கு ஆசிரியர்கள் ஆயினர்.

சாந்திநிகேதனில் உள்ள இந்தி பவனத்தின் சுவர்களில் வினோத் பிகாரி 1947ஆம் ஆண்டு ஒரு பெரிய ஓவியத்தை நிறைவு செய்தார். கபீர், சூர்தாஸ், துளசிதாசர் முதலிய இடைக்கால அருளாளர்களின் வாழ்வே அதன் பொருள். அப்பணியில் மாணவர்கள் சிலர் துணைநின்றனர். அவர்களுள் சுப்பிரமணியனும் ஒருவர்.

இவ்வகைச் சுவரோவியத்தில் சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டவேண்டும். காய்ந்த பின் திருத்த இயலாது. ஆகவே, அன்றன்று தீட்டக்கூடிய பகுதிக்கு மட்டுமே பூச்சிடுவர். பூசுபவரும் வண்ணம் குழைப்பவரும் தீட்டுபவரும் ஒருமனத்தினராய் இயங்கவேண்டும். ஆசிரியரின் கை எங்கே விரைகிறது, எங்கே தயங்குகிறது என்பதை அருகில் நிற்கும் மாணவர் காண்பார். நூலில் எழுதிக் காட்ட இயலாத பாடம் அது.

இத்தகைய வாய்ப்புகள் பல மாணவர்களுக்குக் கிட்டின. இந்திய அரசியலமைப்பின் கையெழுத்து மூலப்படிக்கு ஓவிய அணி செய்யும் பொறுப்பு நந்தலாலிடம் வந்தபோது, அவர் தம் மாணவர்களையும் அப்பணியில் ஈடுபடுத்தினார். முகவுரைப் பக்கத்தை அழகுசெய்தவர், ஜபல்பூரிலிருந்து வந்து பயின்ற பியோகர் ராம்மனோகர் சின்கா என்னும் அவருடைய மாணவரே.

கற்றவர் கற்பித்தவர் ஆனார்

சுப்பிரமணியன் பின்னர்ப் பரோடாப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஆசிரியராகப் பணியாற்றினார். அங்கு மாணவர்கள் நடத்திய கலை விழாக்களுக்காக மரம், தோல், பாசிமணி ஆகியவற்றைக் கொண்டு பொம்மைகள் செய்தார். பேராசிரியர் பொம்மை செய்வதா என்று அவர் எண்ணவில்லை. 1980ஆம் ஆண்டு சாந்திநிகேதனுக்கே பேராசிரியராகத் திரும்பினார். அவ்வளாகத்துக் கட்டடம் ஒன்றின் புறச்சுவர்களில் அவர் தீட்டிய கருப்பு வெள்ளை ஓவியங்களை இன்றும் காணலாம். 2012ஆம் ஆண்டு பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 2016ஆம் ஆண்டு மறைந்தார்.

கலா பவனத்தில் இன்று ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, வடிவமைப்பு, கலை வரலாறு ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. ஆண்டுதோறும் டிசம்பர்த் தொடக்கத்தில் ‘நந்தன் மேளா’ நடைபெறுகிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் தாம் படைத்த பொருள்களை அருகருகே வைத்து விற்கின்றனர். அத்தொகை, இடருறும் மாணவர்களுக்கு உதவும் நிதியில் சேர்கிறது.

உயர்கல்விக்கு இடம் தேடும்போது நிறுவனத்தின் பெயரையும் தரவரிசையையும் பார்ப்பது முறையே. அவற்றுடன், ‘அங்கு யாரிடம் கற்பேன்? அவர் பணிசெய்யும்போது அருகில் நிற்க எனக்கு இடம் உண்டா?’ என்றும் கேட்டறிதல் நன்று. இருபது வயது நிறைவதற்குள் கல்லூரி வாயில் அடைபட்ட ஓர் இளைஞருக்குச் சாந்திநிகேதன் தந்தது அந்த இடத்தையே.

சொல்லும் பொருளும்

பூர்வீகம் – முன்னோர் வாழ்ந்த ஊர்
அண்மை – அருகில் இருத்தல்
கிடைத்தற்கரிய – கிடைப்பதற்கு அரிதான
சரளை – சிறு கற்கள்
முகவுரை – முன்னுரை
இடருறும் – துன்பம் அடையும்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. தாகூர் பள்ளியைத் தொடங்கியபோது இருந்த மாணவர்கள் ________ பேர்.
2. சுப்பிரமணியன் சென்னையில் பயின்ற பாடம் ________.

ஆ. பிரித்து எழுதுக.
1. மரநிழல்  2. சுவரோவியம்  3. பெருஞ்சிற்பம்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சுப்பிரமணியனின் கல்லூரிப் படிப்பு நின்றது ஏன்?
2. சுண்ணாம்புச் சுவரில் அன்றன்று வேண்டிய பகுதிக்கு மட்டும் பூச்சிடுவது எதனால்?

ஈ. சிந்தித்து எழுதுக.
மொழி தெரியாத ஊரில் புதிதாகச் சேரும் மாணவருக்கு உடன் பயில்வோர் எவ்வெவ்வகையில் உதவலாம்? பத்து வரிகளில் எழுதுக.

உ. செயல்பாடு
பிற மாநிலத்திற்குச் சென்று படித்த உறவினர் ஒருவரிடம் அவருடைய கல்லூரி நாள்களைப் பற்றிக் கேட்டறிந்து, வகுப்பில் தமிழில் எடுத்துரைக்க.