புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும்?

மாணவர்களே, பிரிஞ்சாங் மலை உச்சிக்குப் போயிருக்கிறீர்களா? சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து ஏறினால், 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் ஒளிபரப்பு, தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்பதைக் காணலாம். கோபுரம் எல்லார் கண்ணிலும் படும். கணினிக்கூடத்தின் மூலையில் விளக்குகள் சிமிட்டும் பெட்டியை யாரும் கவனிப்பதில்லை. அதுதான் நெட்வொர்க் சுவிட்ச்.

சுவிட்சின் வேலை

தோட்டத்து லயத்தில் எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று அறிந்த தபால்காரரைப் போன்றது சுவிட்ச். எந்தத் துளையில் எந்தக் கணினி செருகப்பட்டுள்ளது என்பதை அது கற்றுக்கொள்கிறது. தகவலை உரிய கணினிக்கு மட்டும் அனுப்புகிறது. சாதாரண சுவிட்சைச் செருகினால் போதும். மேலாண்மை வசதியுள்ள சுவிட்சுக்கோ நாம் கட்டளை இடலாம். மாணவர் கணினிகளையும் அலுவலகக் கணினிகளையும் தனித்தனிப் பிரிவாக்குவது அப்படிப்பட்ட ஒரு கட்டளை.

இந்தக் கட்டளைகளைப் புரிந்துகொண்டு சுவிட்சை இயக்குவது, அதன் ஃபிளாஷ் நினைவகத்தில் பதிந்துள்ள மென்பொருள். அதை நிலைபொருள் என்கிறோம். ஃபர்ம்வேர் என்றும் சொல்வார்கள்.

ஏன் புதுப்பிக்க வேண்டும்?

2018 மார்ச் 28 அன்று சிஸ்கோ நிறுவனம், தன் சுவிட்சுகளில் உள்ள ‘ஸ்மார்ட் இன்ஸ்டால்’ என்ற வசதியில் இருந்த பிழைக்குத் திருத்தம் வெளியிட்டது. ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 6 அன்று, அதே வசதி திறந்திருந்த சுவிட்சுகளைத் தாக்குநர்கள் முடக்கினர். உலகெங்கும் ஏறத்தாழ 2,00,000 சுவிட்சுகளும், ஈரானில் மட்டும் 3,500 சுவிட்சுகளும் பாதிக்கப்பட்டதாக ஈரான் அரசு அறிவித்தது. பழுதில்லாமல் ஓடும் பெட்டி என்பதாலேயே அது பாதுகாப்பான பெட்டி ஆகிவிடாது.

எப்படிப் புதுப்பிக்கிறார்கள்?

1. சுவிட்சின் மாடலையும் இப்போதைய பதிப்பையும் குறித்துக்கொள்வார்கள். வேறு மாடலுக்கான கோப்பு உதவாது.
2. இதுவரை செய்த அமைப்புகளை வேறு கணினியில் நகல் எடுத்து வைப்பார்கள்.
3. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து கோப்பை இறக்கி, அதன் ‘ஹாஷ்’ எண்ணைச் சரிபார்ப்பார்கள். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் இந்த எண் முற்றிலும் மாறிவிடும்.
4. யாரும் பயன்படுத்தாத நேரத்தில் கோப்பைப் பதித்து, சுவிட்சை மறுபடி தொடக்குவார்கள்.
5. பதிப்பு மாறியதா, எல்லாக் கணினிகளும் இணைகின்றனவா என்று பார்ப்பார்கள்.

ஆபத்து நான்காம் படியில்தான் இருக்கிறது. ஃபிளாஷ் நினைவகத்தில் பழையதை அழித்த பிறகே புதியதை எழுத முடியும். மலையில் மாலை மழையும் இடியும் புதிதல்ல. பாதி எழுதும்போது மின்சாரம் போனால், பழையதும் இருக்காது, புதியதும் முழுமையாக இருக்காது. சுவிட்ச் எழுந்திருக்காமலே போகலாம்.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி எளிமையானது. பல சுவிட்சுகளில் நிலைபொருளுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாமல், சும்மா இருக்கும் இடத்தில் புதியதை எழுதுவார்கள். எழுதுவது தடைபட்டால் பழையது அப்படியே இருக்கும். இரண்டாம் இடம் இல்லாத சுவிட்சுக்கு, மின்தடையின்போது கைகொடுக்கும் யு.பி.எஸ். மின்கலம் அவசியம்.

செய்து பாருங்கள்

சரிபார்ப்பு எண் உங்கள் பாடநூலிலும் இருக்கிறது. பின்னட்டையில் உள்ள 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணை எழுதுங்கள். முதல் இலக்கத்தை 1 ஆலும், அடுத்ததை 3 ஆலும், இப்படியே மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். விடை 0 இல் முடியும். இப்போது ஏதாவது ஓர் இலக்கத்தை மாற்றிக் கூட்டுங்கள். பிழை உடனே தெரியும். ஹாஷ் எண் இதைவிடப் பன்மடங்கு வலிமையானது, எஸ்.எச்.ஏ.-256 முறையில் அது 64 எழுத்து நீளம்.

சிந்தியுங்கள்: இரண்டு இடங்கள் உள்ள சுவிட்சிலும் அமைப்புகளை ஏன் நகல் எடுக்க வேண்டும்?