அலைக்கற்றை: ஒதுக்கீடு, வர்த்தகம், சீர்திருத்தம் – முக்கியக் குறிப்புகள்

அடிப்படை
• கம்பியில்லாத் தொடர்பு ஒன்றியப் பட்டியலின் 31-வது இனம்.
• ஒதுக்கீட்டைக் கவனிப்பது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி (கம்பியில்லாத் தொடர்புத் திட்டமிடல், ஒருங்கிணைப்பு) பிரிவு (1952). தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் (1997) விலையைப் பரிந்துரைக்கும், முடிவு அரசுடையது.
• நாட்டில் 22 சேவை வட்டங்கள். கோவை மாவட்டச் சோமனூர், சென்னை உட்பட மாநிலம் முழுவதும் தமிழ்நாடு வட்டத்துக்குள் வரும்.

தீர்ப்புகள்
• 1995, கிரிக்கெட் அசோசியேஷன் ஆஃப் பெங்கால் வழக்கு: அலைவரிசை பொதுச் சொத்து.
• 2012 பிப்ரவரி 2: 2ஜி வழக்கில் 122 உரிமங்கள் ரத்து.
• 2012 செப்டம்பர் 27: பிரிவு 143-ன் கீழ் உச்ச நீதிமன்றம் தந்த கருத்து. எல்லா இயற்கை வளங்களுக்கும் ஏலம் கட்டாயமில்லை. (இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அரசு அமைப்புகளின் கையில்
• பாதுகாப்புத் துறை: 2100 மெகாஹெர்ட்ஸில் 15 மெகாஹெர்ட்ஸை விட்டுக்கொடுத்து, 1900-ல் மாற்று பெற அமைச்சரவை ஒப்புதல் (ஜனவரி 2015).
• ரயில்வே: 700-ல் 5 மெகாஹெர்ட்ஸ், ஏலமின்றி (ஜூன் 2021). ஓடும் ரயிலுடன் பேச்சுத் தொடர்பு, பாதுகாப்பு ஆகியவற்றுக்காக.
• பிஎஸ்என்எல்: ரூ.89,047 கோடி மறுசீரமைப்புத் தொகுப்பில் 4ஜி, 5ஜி அலைக்கற்றை (ஜூன் 2023).

கைமாறும் வழிகள்
• சோமனூர் விசைத்தறிக் கூடத்தை வைத்து நினைவில் கொள்ளலாம்: தறியை அடியோடு விற்றால் வர்த்தகம், வாடகைக்கு விட்டால் குத்தகை, இருவர் சேர்ந்து ஓட்டினால் பகிர்வு, வேண்டாமென்று அரசிடமே திருப்பிக் கொடுத்தால் ஒப்படைப்பு.
• 2015 வர்த்தக விதி: ஏலத்தில் எடுத்தால் 2 ஆண்டு வைத்திருந்த பிறகே விற்கலாம், அரசுக்கு 1% மாற்றுக் கட்டணம். குத்தகைக்கு அப்போது இடமில்லை.
• 2016: ஏர்செல்லின் 2300 மெகாஹெர்ட்ஸை, தமிழ்நாடு உட்பட 8 வட்டங்களில், சுமார் ரூ.3,500 கோடிக்கு வாங்க ஏர்டெல் ஒப்பந்தம்.
• 2025: அதானி குழுமம் 2022 ஏலத்தில் எடுத்த 26 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை ஏர்டெல்லுக்குத் தர ஒப்பந்தம். தமிழ்நாட்டின் பங்கு 50 மெகாஹெர்ட்ஸ்.

சீர்திருத்தங்கள்
• செப்டம்பர் 2021: இனிவரும் ஏலங்களில் எடுப்பதற்குப் பயன்பாட்டுக் கட்டணம் இல்லை, உரிமைக் காலம் 20-லிருந்து 30 ஆண்டு, 10 ஆண்டுக்குப் பின் ஒப்படைக்கலாம்.
• தொலைத்தொடர்புச் சட்டம், 2023: 1885, 1933 சட்டங்களுக்கு மாற்று. ஏலமே பொதுவிதி, முதல் அட்டவணையில் உள்ளவற்றுக்கு மட்டும் நிர்வாக ஒதுக்கீடு. பகிர்வு, வர்த்தகம், குத்தகை, ஒப்படைப்பு நான்குக்கும் வழி உண்டு. தக்க காரணமின்றிச் சும்மா கிடந்தால் அரசு திரும்பப் பெறலாம்.

முதன்மைத் தேர்வுக்கு
• வினா: “அரசு அமைப்புகளிடம் உள்ள அலைக்கற்றையைத் திறம்படப் பயன்படுத்துவது எப்படி?”
• விடைக் கரு: ஏலத்தில் கோடிகளைக் கொட்டிய நிறுவனத்துக்குச் சும்மா வைத்திருப்பது நட்டம், ஏலமின்றிப் பெற்ற துறைக்கு அந்த நெருக்கடி இல்லை. பிரிட்டனில் அரசுத் துறைகளும் கட்டணம் செலுத்துகின்றன. அங்கே ராணுவம் விட்டுக்கொடுத்த அலைக்கற்றை 2018 ஏலத்தில் 135 கோடி பவுண்டுக்கு மேல் ஈட்டியது. எனவே கணக்கெடுப்பு, கட்டணம், விட்டுக்கொடுக்கும் துறைக்கு ஈடு ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுக. விட்டுக்கொடுத்த அலைக்கற்றைக்கு ஈடாகப் பாதுகாப்புத் துறைக்குக் கண்ணாடி இழை வலையமைப்பை பிஎஸ்என்எல் மூலம் அரசு அமைத்தது இந்தியச் சான்று.