புதுக் கம்ப்யூட்டரில் படம் வரவில்லையா?

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின், மலைமேல் கடை வைத்திருக்கும் நமக்கும் பில் போடக் கம்ப்யூட்டர் தேவைப்படுகிறது. உதிரிப் பாகங்களைப் பொருத்தி வாங்கிய புதுப் பெட்டி, 70 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக் கொல்லிமலை வந்து சேருகிறது. சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றும். திரையில் படம் வராது. உடனே நாமக்கல்லுக்குத் திருப்பி அனுப்பினால் வண்டிக் கூலி நட்டம், வியாபாரமும் நட்டம். முதலில் நாமே பார்ப்போம்.

மானிட்டரில் விளக்கு எரிகிறதா? கேபிள் இறுகியிருக்கிறதா? தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிளை அதில்தான் செருக வேண்டும், மதர்போர்டில் அல்ல.

அடுத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறக்கவும். பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டு, கையிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளவும். ராம் பட்டையைக் கழற்றி, ‘டிக்’ என்று பூட்டும்வரை அழுத்தவும். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவும். கிராபிக்ஸ் கார்டையும் அவ்வாறே அழுத்திப் பொருத்தவும். பிராசசர் அருகே 4 அல்லது 8 முனை மின் இணைப்பு உண்டு. அது விடுபட்டால் விசிறி சுற்றினாலும் படம் வராது. பவர் சப்ளையை மட்டும் ஒருபோதும் பிரிக்கக் கூடாது.

இதற்கும் மசியாவிட்டால் மெக்கானிக்கை அழைக்கலாம்.

எடை பார்த்துச் சரக்கு எடுக்கும் நாம், கம்ப்யூட்டரையும் கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்து வாங்க வேண்டும். கீழே ஓடியது மேலே ஓடாவிட்டால், பெரும்பாலும் ஏதோ கழன்றிருக்கிறது என்று தைரியமாகத் தேடலாம்.