வளர்ப்புக் குழந்தையும் நால்வகைத் தானமும்

இல்லறத்தார்க்குரிய கடமைகளுள் தானம் தலையாயது. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என அதனை நால்வகையாக வகுத்தனர் நம் ஆசாரியர்கள். இந்நான்கினையும் ஒருங்கே ஓருயிர்க்கு ஆற்றத்தக்க அறம் ஒன்றுண்டு. பெற்றோரின் அரவணைப்பை இழந்த குழந்தையைத் தம் இல்லத்தில் ஏற்று வளர்த்தலே அஃதாம்.

இவ்வறம் நமக்குப் புதிதன்று. திருத்தக்கதேவர் அருளிய சீவகசிந்தாமணியின் தலைவன் சுடுகாட்டில் பிறந்தவன். தந்தை சச்சந்தனை இழந்தவன். தாய் விசயையைப் பிரிந்தவன். இறந்த தன் மகவுடன் அங்கு வந்த வணிகன் கந்துக்கடனே அவனை எடுத்துச் சென்றான். சுநந்தை தாயானாள், அச்சணந்தி ஆசிரியரானார். வளர்த்தவர் மனையே சீவகனை ஆளாக்கிற்று.

சட்டம் கூறுவது

இளைஞர் நீதிச் சட்டம், 2015, தன் 44ஆம் பிரிவில் வளர்ப்புப் பராமரிப்புக்கு வழிவகுக்கிறது. இது தத்தெடுத்தலின் வேறானது. குழந்தைகள் நலக்குழுவின் ஆணைப்படி, குறித்த காலத்திற்கு, தகுதியுடைய குடும்பத்தில் குழந்தை வாழ்கிறது. அதன் கல்வி, உடல்நலம், ஊட்டம் ஆகியவற்றிற்கு அக்குடும்பமே பொறுப்பாகும். உடன்பிறந்தாரைப் பிரிக்காதிருக்க இயன்றவரை முயலவேண்டும் என்பதும் சட்டத்தின் நோக்கம். பெற்றோர் தகுதி பெறின் குழந்தை அவர்களிடம் திரும்பவும் கூடும். ஆதலின், பற்றின்றி அன்பு செலுத்தும் பக்குவம் வேண்டப்படுகிறது. விழைவோர் தம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகினை அணுகலாம்.

ஆகார தானம்

பசியறிந்த குழந்தை உணவை ஒளித்து வைத்தலும், அளவின்றி உண்ணுதலும் உண்டு. இதனைத் திருட்டு எனக் கடிதல் கூடாது. நாளை உணவு கிடைக்குமோ என்ற அச்சமே அதன் காரணம். குறித்த வேளையில் தவறாது உணவளித்தால் அச்சம் மெல்ல நீங்கும்.

புலால் உண்ட குடும்பத்திலிருந்து வரும் குழந்தையின் முன்னைய உணவைப் பழித்தலாகாது. பழிப்பது அதன் தாயையும் பழிப்பதாக முடியும். சொல்லால் வருத்துதலும் இம்சையே. நம் உணவுமுறையைக் குழந்தையை ஏற்பதற்கு முன்னரே நலக்குழுவிடம் தெரிவித்து, குழந்தையின் விருப்பத்தையும் கேட்டறிதல் நன்று. நம் மனையில் உண்ணும் குழந்தைக்குப் பருப்பு, பயறு, கீரை, கேழ்வரகு ஆகியன நாள்தோறும் வேண்டும். பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் இயல்பாக இல்லை. ஆதலின் பாலும் தயிரும் குறையலாகா. கீரையோடு நெல்லியோ எலுமிச்சையோ சேர்ப்பின் இரும்புச்சத்து நன்கு உடலிற் சேரும். உணவுடன் தேநீர் அருந்தின் அது குறையும்.

உண்ணாநோன்பும் இரவுண்ணாமையும் உணர்ந்து ஏற்பார்க்கே விரதமாகும். வளரும் குழந்தைமேல் அவற்றைச் சுமத்துதல் விரதமாகாது. இரவிற் பசித்தழும் குழந்தைக்கு உணவளித்தலே கருணை.

ஔடத தானம்

குழந்தை வந்த சில நாட்களுக்குள் மருத்துவரிடம் அழைத்துச் சென்று எடை, உயரம், பார்வை, செவிப்புலன், பற்கள், இரத்தச்சோகை ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். தடுப்பூசி அட்டை இல்லையெனில் விடுபட்டவற்றை மருத்துவர் அறிவுரைப்படி இடச்செய்யலாம். 10, 16 வயதுகளில் இடும் ஊசிகளைப் பலர் மறந்துவிடுகின்றனர். பள்ளியில் அளிக்கும் குடற்புழு மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் தவறவிடலாகாது. இப்பதிவுகளை ஒரே ஏட்டில் எழுதிவைத்தால், குழந்தை எங்குச் சென்றாலும் அவ்வேடு உடன்செல்லும்.

சாத்திர தானம்

உடலைப் பற்றிய அறிவும் கல்வியே. கை கழுவுதல், பல் துலக்குதல், உறக்கத்தின் இன்றியமையாமை ஆகியவற்றை ஏவுவதினும் உடன் செய்து காட்டுதல் நன்று. பூப்பெய்தும் முன்னரே பெண்குழந்தைக்கு மாதவிலக்கைப் பற்றி அச்சமின்றி விளக்குதல் தாயர் கடன். ஆண்குழந்தைக்கும் அவன் வளர்ச்சியைப் பற்றிக் கூறவேண்டும். தன் உடலைத் தகாதமுறையில் எவர் தொட்டாலும் மறுக்கவும், நம்பிக்கைக்குரியவரிடம் கூறவும் கற்பித்தல் தலையாய பாடம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதையும் மனப்பாடம் செய்விக்கலாம்.

அபய தானம்

இரவில் அலறுதல், படுக்கையை நனைத்தல், எவரிடமும் பேசாதிருத்தல், காரணமின்றிச் சினத்தல் ஆகியன இழப்பின் அடையாளங்கள். அடித்தலும் ஏளனமும் அவற்றை வளர்க்கும். பொறுமையும் மாறாத நாள்முறையும் தணிக்கும். நெடிது நீடிப்பின் மனநல மருத்துவரை நாடுதல் இழுக்கன்று.

பிறப்பை மறைத்தலும் அபயமாகாது. சீவகனுக்கு அவன் வரலாற்றைக் கூறியவர் அச்சணந்தியே. உண்மையறிந்து வெகுண்டவனை, ஓராண்டு பொறுத்திருக்குமாறு அவரே தடுத்தார். உண்மையைக் கூறுதலும், அதனால் எழும் துயரைத் தாங்க உடன்நிற்றலும் ஆசிரியர், பெற்றோர் இருவர்க்கும் உரியன. வயதிற்கேற்ற சொற்களில் சிறிது சிறிதாகக் கூறலாம்.

‘உன்னை வளர்ப்பவர் யாம்’ என்று சொல்லிக்காட்டுங்கால் தானம் கெடும். பெற்றவன் நன்றி கூறவேண்டும் என எதிர்பாராது ஈவதே தானம்.

சிந்தனைக்கு

1. நம் விரதங்களுள் குழந்தைமேல் சுமத்தத் தகாதன எவை? ஏன்?
2. நம் ஊர்ச் சமூகத்தில் வளர்ப்புக் குழந்தையைப் பற்றி வழங்கும் சொற்களுள் இம்சையாவன எவை?
3. தாம் குழந்தையை ஏற்க இயலாதார், ஏற்றவர்க்கு எவ்வகையில் துணையாகலாம்?

இவற்றை இல்லத்தாரோடு அமர்ந்து ஆராய்க. அறம் வளர்க!